நாவும் வாயிற்படியும்



“வாய் தவறி வந்துவிட்டது” என்று சொல்லி நாம் தப்பித்துக்கொண்ட நாள்கள் எத்தனை! உணவு மேசையருகே, அண்டை வீட்டாரோடு பேசுகையில், பிள்ளைகளின் திருமணப் பேச்சின்போது ஒரு சொல் நழுவி விழுகின்றது. கேட்டவர் முகம் வாடுகின்றது. வாய் தவறியது மெய்தான். ஆனால், அந்தச் சொல் எந்த அறையிலிருந்து புறப்பட்டு வாய்க்கு வந்தது என்பதை நாம் ஆராய்வதில்லை. அவ்வாறு ஆராயும்படி கட்டாயத்துக்குள்ளான ஒருவரின் கதையை இம்மாதம் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டில் குடியரசுத் தலைவர் பதவிக்கான வேட்பாளரைக் கட்சித் தலைமை மட்டும் அமர்ந்து முடிவு செய்துவிடுவதில்லை. மாநிலந்தோறும் வாக்காளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்கள் நடைபெறுகின்றன. அங்கே மோதிக்கொள்வோர் ஒரே கட்சியினர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் போன்றவர்கள். கொள்கையில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு இராது. ஆதலால், இன்ன கூட்டத்தாருக்கு நான் உகந்தவன் என்று குறிப்பால் உணர்த்தும் ஆசை அவர்களை எளிதில் பற்றிக்கொள்ளும்.

1976-ஆம் ஆண்டு சனநாயகக் கட்சியின் களத்தில் முன்னணியில் நின்றவர், ஜார்ஜியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டர். 1971-இல் ஆளுநராகப் பதவியேற்ற அன்றே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்தது என்று துணிந்து அறிவித்தவர் அவர். மார்ட்டின் லூதர் கிங்கின் உருவப்படத்தை 1974-இல் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் மாட்டச் செய்தவரும் அவரே. இனப் பிரிவினையின் காவலராய் விளங்கிய ஜார்ஜ் வாலஸை, அவ்வாண்டு மார்ச் மாதம் புளோரிடா மாநிலத்தில் தோற்கடித்தார். கறுப்பின மக்கள் பலர் அவரைத் தம்மவராகவே கருதினர்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் அவருடைய பேட்டி வெளிவந்தது. நகரின் உட்பகுதியில் நெருங்கி வாழும் ஏழைகளுக்கு மற்றப் பகுதிகளில் அரசு வீடு கட்டித் தரலாமா என்பது பேச்சின் பொருள். போலந்து நாட்டார், செக் நாட்டார், கறுப்பினத்தார் என்று அவரவர் சேர்ந்து வாழும் குடியிருப்புகள் தங்கள் ‘இனத்தூய்மை’யைக் காத்துக்கொள்ள முயல்வதில் தவறில்லை என்று கார்ட்டர் கூறியிருந்தார். செய்தியாளர்கள் விளக்கம் கேட்டனர். ஏப்ரல் 6-ஆம் நாள் இந்தியானா மாநிலத்தில் அவர் விளக்கத் தொடங்கினார். ஆனால், விளக்க விளக்கச் சொல் மேலும் கெட்டது. ‘அந்நியக் கூட்டங்கள்’ என்றார். ‘கறுப்பினத்தார் ஊடுருவல்’ என்றார். ஒரு புண்ணை மூடப்போய் மூன்று புண்ணாக்கிக்கொண்டார்.

அவர் கூறியதன் உட்பொருளைத் தனியே எடுத்துப் பார்த்தால், அதில் பெருங்குற்றம் காணாதவர்களும் உண்டு. வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் இனம் தடையாயிருக்கலாகாது என்னும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றுவேன் என்றும் அவர் கூடவே சொல்லியிருந்தார். குடியிருப்புகளின் இயல்பை அரசு தன் வலிமையால் மாற்றப் புகுதல் வேண்டா என்பதே தம் கருத்து என்றார். சிறு மாதாகோயிலொன்றைச் சுற்றி நான்கு தெருக்களில் தம் மொழியையும் திருவிழாவையும் காத்து வாழ்ந்த போலந்து, இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்நாட்டு நகரங்களில் பலவுண்டு. அவர்களுடைய பற்றைக் குற்றம் என்று எவர் சொல்வார்?

பின் எங்கே புண்பட்டது? ‘தூய்மை’ என்ற சொல்லில்தான். ஓரிடம் தூயது என்றால், புதிதாய் வருபவன் அதை மாசுபடுத்துகிறான் என்றாகிறது. அச்சொல்லின் மறுபக்கம் எது என்று நம் மண்ணில் பிறந்தவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கறுப்பின மக்களுக்கு அது வெறும் சொல்லுமன்று. இன்ன இனத்தார்க்கு விற்கலாகாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்த காலம் அங்கே இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் தீர்ப்பளித்தது. அந்தக் கதவுகளுக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் கார்ட்டரின் சொல்லைக் கேட்டனர்.

அவருடைய நெருங்கிய ஆதரவாளரும் கறுப்பினத்தவருமான ஆண்ட்ரூ யங் அதனை மூடி மறைக்க முயலவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் சமய போதகருமான அவர், அச்சொல் ஹிட்லரின் காலத்தை நினைவூட்டுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். நண்பன் என்றால் இவனன்றோ நண்பன்! நம் பிழையை உலகம் சொன்னால் நமக்குச் சினம் வருகிறது. நம்மை நேசிப்பவன் சொன்னால்தான் நெஞ்சு நடுங்குகிறது.

ஏப்ரல் 8-ஆம் நாள் பிலடெல்பியாவில் கார்ட்டர் மன்னிப்புக் கேட்டார். அச்சொற்களைப் பயன்படுத்தியது தம்முடைய கடுந்தவறு என்றார். ‘யாருடைய மனமேனும் புண்பட்டிருந்தால்’ என்ற வழக்கமான வளைவுக்குள் அவர் புகுந்துகொள்ளவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட்டுப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும். ‘இருந்தால்’ என்று தொடங்குவது மனத்தாபமாகாது.

ஒரு வாரத்துக்குள் அட்லாண்டா நகரில் பொதுக்கூட்டம் ஒன்று நடைபெற்றது. மேடையில் கார்ட்டரின் அருகே நின்றவர், கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தை. 1968-இல் மூத்த மகன் சுடப்பட்டு இறந்தார். அடுத்த ஆண்டே இளைய மகன் நீரில் மூழ்கி மாண்டார். 1974-இல், ஞாயிறு வழிபாட்டின்போது ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த மனைவியையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். இத்தனையும் சுமந்த அந்த முதியவர், தமக்கு மன்னிக்கும் உள்ளம் உண்டு என்று கூறிக் கார்ட்டரின் பக்கம் நின்றார். ஏப்ரல் 27-இல் பென்சில்வேனியாத் தேர்தலில் கார்ட்டர் வென்றார். நவம்பரில், கறுப்பின வாக்காளரின் பேராதரவோடு நாட்டின் தலைவரானார்.

இத்தோடு முடித்தால் கதை இனிக்கும். ஆனால், உண்மைக்கு இன்னும் இரண்டு பக்கம் உண்டு. அந்த மன்னிப்பு வாக்குகளையும் ஈட்டித் தந்தது. தேர்தற் காலத்தில் கண்ணீரும் கணக்குப் பார்க்கும் என்று ஐயுற்றவர்கள் உண்டு. 1970-ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் இதே கார்ட்டர், பிரிவினையை விரும்பிய வெள்ளையரின் வாக்குகளை நாடிப் பேசியவர் என்பதையும் மறைத்தலாகாது. எனவே, சொல்லைச் சொல்லால் மட்டும் சோதித்தல் இயலாது.

சோதனை வந்தது, அவருடைய கோயில் வாயிலிலேயே. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 31 ஞாயிறன்று, பிளெய்ன்ஸ் என்னும் அவருடைய சிற்றூரில், அவர் சார்ந்திருந்த பாப்திஸ்து ஆலயத்தின் கதவுகள் சாத்தப்பட்டன. கறுப்பினப் போதகர் ஒருவர் அங்கே உறுப்பினராக விரும்பி வந்ததே காரணம். தேர்தல் நேரத்தில் அவர் வந்ததற்கு உள்நோக்கம் உண்டு என்று பலர் பேசினர். இருக்கலாம், ஆயினும், கதவைச் சாத்தச் சொன்ன தீர்மானம் அவர் எழுதியதன்று. அது 1965-ஆம் ஆண்டு முதலே அச்சபையில் இருந்தது. அன்று அதனை எதிர்த்து வாக்களித்த மிகச் சிலருள் கார்ட்டரும் அவர் குடும்பத்தாரும் இருந்தனர். இப்போது, ‘அந்த ஆலயத்தை விட்டு வெளியேறுங்கள்’ என்று பலர் அவரை வற்புறுத்தினர். வெளியேறினால் கை சுத்தமாகும், கதவு திறக்காது. உள்ளே இருந்தே மாற்ற முயல்வேன் என்றார் அவர். நவம்பர் நடுவில் சபை மீண்டும் கூடி வாக்களித்துத் தடையை நீக்கியது.

மற்றொன்றும் சொல்லிவிடுகிறேன். புண்பட்டவர் நாவும் புண்படுத்தும். 1984-ஆம் ஆண்டு அதே கட்சியின் களத்தில் நின்ற கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன், தனிப்பேச்சில் யூத மக்களை இழிசொல்லால் குறித்தார். அதனைக் கேட்டு வெளியிட்ட செய்தியாளரும் கறுப்பினத்தவரே. ஜாக்சன் முதலில் மறுத்தார். பின்பு பிப்ரவரி 26-ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், யூதர்களின் தொழுகைக்கூடத்திலேயே நின்று ஒப்புக்கொண்டு வருந்தினார். மறுத்த நாள்களில்தான் காயம் ஆழமாயிற்று. அநீதிக்கு ஆளானவன் என்ற தகுதி பிறனை இழிவுபடுத்த உரிமை தருவதில்லை என்பதை அவரும் கற்றார்.

கார்ட்டர் 2024 டிசம்பர் 29-ஆம் நாள், தம் 100-ஆம் வயதில், அதே சிற்றூரில் காலமானார். அவரது நெடிய வாழ்வில் அந்த ஏப்ரல் மாதம் ஒரு சிறு தழும்பு. ஆனால், அந்தத் தழும்பு நமக்கு மூன்று கேள்விகளைத் தந்து செல்கின்றது. நம் பிழையை முகத்துக்கு நேரே சொல்லும் நண்பன் நமக்கு உண்டா? ‘இருந்தால்’ சேர்க்காமல் நாம் மன்னிப்புக் கேட்டதுண்டா? மூன்றாவதே கடினமானது. வாயால் திருத்திக்கொண்ட பின், நம் வீட்டு வாயிற்படியில் அதே மனிதர் வந்து நிற்கும்போது, நாம் கதவைத் திறக்கிறோமா?

இன்றிரவு உணவு மேசையில் குடும்பமாக அமர்ந்து இதனைப் பேசிப் பாருங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் யாரைப் பற்றி எந்தச் சொல்லால் பேசுகிறோம் என்பதை அவர்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருப்பார்கள்.