ரேஸ் டிராக்கில் வீட்டுக் கார்

ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வரும் காரை முதல் தடவை ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போகிறவர்கள் கவலைப்படுவது எஞ்சினைப் பற்றித்தான். கவலைப்பட வேண்டியதோ பிரேக்கைப் பற்றி!

1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். 120 கி.மீ. வேகத்தில் போகும் காரை நிறுத்தும்போது பிரேக்கில் உண்டாகும் சூடு, 60-ல் போவதை நிறுத்துவதைப் போல நாலு மடங்கு. ஊருக்குள் எப்போதாவது நடப்பது இங்கே சுற்றுக்குச் சுற்று நடக்கும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அப்புறம் பெடல் உள்ளே போகும், கார் நிற்காது.

அடுத்தது பணம். சாதாரண கார் இன்சூரன்ஸில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் கவர் கிடையாது. இடித்தால் செலவு முழுக்க சொந்தக் காசு. பல பேருக்கு கார் லோனே முடிந்திருக்காது.

அதற்காகப் போகவே வேண்டாமா? தாராளமாகப் போகலாம். ஈ.சி.ஆரில் பறப்பதைவிட இது எவ்வளவோ மேல். எதிரே லாரி வராது, குறுக்கே யாரும் நடக்க மாட்டார்கள். ஆனால் புது பிரேக் ஆயில், நல்ல டயர், ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். நடுநடுவே ஒரு சுற்று மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடவேண்டும். முதல் நாளே யாரையும் முந்த வேண்டியதில்லை. போன காரிலேயே வீடு திரும்பினால் போதும்.