வண்டி மாறினால்...

"கும்பகோணம் இருக்கிற தூரத்துக்கு இதெல்லாம் எதுக்கு அக்கா? மடியில வெச்சுக்கிட்டா ஆகாதா?" என்று கேட்டார் எதிர்வீட்டு அம்மாள். பேத்திக்குக் காது குத்தப் புறப்பட்ட அன்று, வாசலில் வாடகைக் கார். என் கையில் மகன் விட்டுப்போன குழந்தை சீட்டு.

ஆகாது, சகோதரிகளே! 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதினால், பத்துக் கிலோக் குழந்தை ஒரு நெல் மூட்டையைவிடக் கனமாக முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கையும் தாங்காது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம் வேறு.

மகன் காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி 'க்ளிக்'கென்று மாட்டிக்கொள்ளும். வாடகைக் காரில் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். (எல்லா சீட்டையும் அப்படிக் கட்ட முடியாது, கையேட்டைப் பாருங்கள்.) பின்சீட்டுப் பெல்ட்டின் கொக்கியோ பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும்! வண்டி சொல்லும்போதே, "தம்பி, பெல்ட்டை வெளியே எடுத்து வெச்சிடுப்பா" என்று சொல்லிவிடுவேன்.

பெல்ட் நுழைகிற வழியைக் கவனியுங்கள். பல சீட்டுகளில், குழந்தை பின்புறம் பார்த்து உட்கார நீலக் குறி, முன்புறம் பார்க்கச் சிவப்புக் குறி. 15 மாதம் வரையாவது பின்புறம் பார்த்தே இருக்கட்டும். அப்படி வைத்த சீட்டைக் காற்றுப்பை உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது. கட்டியபின், பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

சாய்ந்த லிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் கழுத்தில் கயிறு பூட்டி நிமிர்த்திய ஊர் எங்கள் திருப்பனந்தாள். சீட்டின் சாய்வுக்கு அவ்வளவு பாடு வேண்டாம். பல சீட்டுகளின் பக்கவாட்டில் கோடு போட்டிருக்கும், அது தரைக்கு இணையாக நின்றால் சரி. ஆனால் காருக்குக் கார் இருக்கையின் சரிவு மாறும். ரொம்ப நிமிர்ந்துவிட்டால் கைக்குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சு அடைபடும்.

பட்டுப் பாவாடை மொடமொடவென்று நடுவில் நிற்கும். அதை ஒதுக்கிவிட்டு வாரை மாட்டுங்கள். தோளருகே வாரைக் கிள்ளினால் மடிப்பு வரக்கூடாது. வெயிலில் நின்ற வண்டியானால் கொக்கி சுடும். முதலில் உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள்.