விலை நிர்ணயமும் மேல்படிப்பும்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்காத கிராமத்தார் இல்லை. மாட்டை வளர்த்தவன் எதிரிலேயே நிற்பான். என்ன விலை பேசப்படுகிறது என்பது அவனுக்கே தெரியாது. இன்று பெரிய கம்பெனிகளின் வியாபாரத்திலும் அந்தத் துண்டு இருக்கிறது. அது பட்டுத் துண்டானதால் நம்மவர்கள் கண்ணுக்குத் துண்டாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் துண்டை விலக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் படிப்பு ஒன்று உண்டு. சந்தையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும், அதற்கு அடிப்படையான பொருளாதாரத்தையும் எம்.ஏ., எல்.எல்.எம். வகுப்புகளில் மேல்படிப்பாக வைத்திருக்கிறார்கள். "உழுகிறவன் பிள்ளைக்கு இது எதற்கு? ஒரு குமாஸ்தா வேலைக்குப் படித்தால் போதாதா?" என்று கேட்கும் புண்ணியவான்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சிமெண்டு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். மூட்டை விலை ஏறினால் நாம் என்ன செய்கிறோம்? "காலம் அப்படி" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறோம். 2010ல் கட்டடக் காண்டிராக்டர்களின் சங்கம் அப்படி உட்காராமல் இந்தியப் போட்டிக் கமிஷனில் புகார் கொடுத்தது. 2012 ஜூனில் கமிஷன், 11 கம்பெனிகள் தங்களுக்குள் கூடிப் பேசி, ஆலைகளை முழுச் சக்திக்கும் ஓட்டாமல் சரக்கைக் குறைத்து விலையை ஏற்றின என்று முடிவு சொல்லி, 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. விலையை ஏற்றியது காலமா, மனிதர்களா? வாசகர்களே சொல்லட்டும்.

கூடிப் பேசியதற்குக் கையெழுத்திட்ட பத்திரம் ஏதாவது கிடைத்ததா என்றால், இல்லை. எந்தத் திருடன் ரசீது கொடுக்கிறான்? ஒவ்வொரு கம்பெனியும் எவ்வளவு உற்பத்தி செய்தது, எவ்வளவு அனுப்பியது, என்ன விலைக்கு விற்றது என்ற கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கண்டார்கள். ஆனால் எல்லோர் விலையும் ஒன்றாக ஏறிய மாத்திரத்திலேயே அது சதியாகிவிடாது. நிலக்கரி விலை ஏறினால் எல்லா ஆலைக்கும் செலவு ஏறும். விலையும் சேர்ந்தே ஏறும். செலவால் ஏறியது எது, சதியால் ஏறியது எது என்று பிரித்துக் காட்டுவதற்குப் பொருளாதாரம் படித்தவன் வேண்டும்.

அவன் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2015 டிசம்பரில் மேல் முறையீட்டு மன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. கணக்குத் தப்பு என்பதற்காக அல்ல. வாதத்தைக் கேட்காத தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார் என்பதற்காக! திரும்பவும் விசாரித்து 2016 ஆகஸ்டில் அபராதம் போட்டார்கள். 2018 ஜூலையில் அது உறுதியாயிற்று. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. ஒரு கையெழுத்துக்கு நாலு வருஷம்! சட்டம் தெரியாத கணக்கும், கணக்குத் தெரியாத சட்டமும் என்ன கதியாகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"சந்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், அதற்குச் சட்டம் எதற்கு" என்று முதலாளிகளின் பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் கொண்டாடும் ஆடம் ஸ்மித்தே வியாபாரிகள் கூடினால் விலையேற்றும் சதியில் போய் முடியும் என்று 1776லேயே எச்சரித்திருக்கிறார். முதலாளிகளின் சொர்க்கமான அமெரிக்காவே 1890ல் சட்டம் செய்து, 1911ல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை 34 துண்டாக்கிற்று. நம் சென்னை மாகாணத்திலும் 1933ல் வியாபாரப் பயிர்களின் சந்தைக்கென்று ஒரு சட்டம் வந்தது. தராசிலும், தரகிலும், கழிவிலும் குடியானவன் இழந்துகொண்டிருந்தது தெரிந்துதானே அதைச் செய்தார்கள்?

நிற்க. 2002ம் வருஷத்துப் போட்டிச் சட்டப்படி கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கமிஷனுக்குத் தகவல் கொடுக்கலாம். எழுத்தில் இருக்கிற உரிமை இது. ஆனால் அந்தத் தகவலை நிற்கும்படி எழுதிக் கொடுக்க நம்மில் எத்தனை பேர்? படித்துத் தேர்ந்தவர்களைக் கம்பெனிகள் அள்ளிக் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வயிறு எல்லோருக்கும் உண்டு. நம் பக்கத்தில் உட்கார நூறு பேர் படித்திருந்தால் பத்து பேராவது மிஞ்சுவார்கள். பாடமோ இங்கிலீஷில், புத்தகமோ யானை விலையில், காலேஜ் சம்பளமோ காணி நிலத்தை விற்றுக் கட்டுவதாக இருந்தால் அந்த நூறு பேர் எங்கிருந்து வருவார்கள்? இதைத் தமிழில் எழுதவும், ஜில்லாக் காலேஜ்களில் வைக்கவும் சர்வகலாசாலைகளுக்கு என்ன தடை என்று கேட்கிறோம்.

பி.ஏ. தேறிய தோழர்கள், தங்கள் பக்கத்தில் எந்தக் காலேஜில் இந்தப் பாடம் இருக்கிறது, என்ன சம்பளம், உபகாரச் சம்பளம் உண்டா என்று விசாரித்து எழுதினால் வரும் இதழ்களில் பிரசுரிப்போம்.