வால்வை மாற்றுமுன் வாளியை எடுங்கள்

தெரணியகலைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. சீதாவாக்கை கங்கை ஊரை ஒட்டியே களனியை நோக்கி இறங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில்தான் டிஷ்வொஷரின் சிறு திரையில் தண்ணீர் வரவில்லை என்ற குறி விழுகிறது: எல்ஜி என்றால் ஐஈ, சாம்சங் என்றால் 4சி, பொஷ் என்றால் ஈ18, ஏஈஜி என்றால் ஐ10. குறியைப் பார்த்ததும் நம்மவர்களின் கை தானாகவே கீழ்ப் பலகையின் ஸ்க்ரூவுக்குப் போகிறது. இன்லெட் வால்வு கழற்றப்படுகிறது, புதியது ஏறுகிறது, பில் எழுதப்படுகிறது. சில நாளில் பங்களா அப்பு மறுபடி அழைக்கிறார்: “பாஸ், மிசின்ல தண்ணியே ஏற மாட்டேங்குது.” இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இம்முறை பேச வேண்டியிருக்கிறது.

சபரகமுவத் தோட்டப் பகுதிகளில் டிஷ்வொஷர் இருக்கும் இடங்கள் சொற்பம். விடுதியாக மாறிய துரை பங்களாக்கள், டவுன் பக்கத்துச் சில புது வீடுகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள், அவ்வளவுதான். இவற்றுள் நமக்குத் தலைவலி கொடுப்பது பங்களா. காற்றும் காட்சியும் பார்த்து மேட்டின் மேல் வீட்டைக் கட்டிய துரைமாருக்கு ஊற்று எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது பெரிய கவலையாக இருந்திருக்காது. தண்ணீர் சுமக்க ஆள் இருந்தது. இன்று ஊற்றுத் தண்ணீர் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து தன் எடையாலேயே குழாயில் இறங்குகிறது. 10 மீற்றர் உயரம் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். இதில் பேரம் பேச இடமில்லை. தொட்டிக்கு 60 மீற்றர் கீழே பள்ளத்தில் இருக்கும் பெக்டரிக்கு 6 பார் கிடைக்கும். அதே தொட்டிக்குச் சில மீற்றர் மட்டுமே கீழே நிற்கும் பங்களாவின் சமையலறைக்கு அரை பார் வந்து சேர்ந்தாலே அதிர்ஷ்டம்.

பொஷ் மெஷின்களின் பொருத்தும் கையேடு கேட்பது 0.5 முதல் 10 பார் வரை அழுத்தம், நிமிடத்துக்கு 10 லீற்றர் ஓட்டம். சில கம்பனிகள் 0.3 பார் போதும் என்கின்றன. கூரைத் தட்டில் வைத்த 1,000 லீற்றர் தாங்கியிலிருந்து தண்ணீர் எடுக்கும் வீட்டில், தாங்கியின் அடிக்கும் மெஷினின் வால்வுக்கும் இடையே 3 மீற்றர் இருந்தால் கிடைப்பது 0.3 பார். அதுவும் டேப் மூடியிருக்கும்போது காட்டும் கணக்கு. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அரை அங்குலக் குழாயும் நாலைந்து எல்போவும் அரைகுறையாகத் திறந்த அங்கிள் வால்வும் அதிலிருந்து ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஓட்டமில்லாத அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு “தண்ணீர் நல்லா இருக்கு” என்று சொல்வது நம் தொழிலின் மிகப் பழைய பிழை. நிலைத்த அழுத்தம், ஓடும்போதுள்ள அழுத்தம் இரண்டையும் அளக்க வேண்டும். கேஜ் இல்லையென்றால் 10 லீற்றர் வாளியும் கைத்தொலைபேசியின் கடிகாரமும் போதும். மெஷினின் ஹோஸை டேப்பிலிருந்து கழற்றி, அந்த டேப்பிலேயே வாளியைப் பிடியுங்கள். பக்கத்துச் சிங்க்கின் டேப்பில் பிடித்துப் பயனில்லை. அதன் வழி வேறாக இருக்கலாம்.

வால்வு ஏன் குற்றவாளியாகத் தெரிகிறது என்பதற்கு அதன் உள்ளமைப்பே காரணம். கொயில் தண்ணீரைத் திறந்துவிடுவதில்லை. அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. ரப்பர் டயப்ரத்தின் ஓரத்தில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியே மேலறைக்குப் போன தண்ணீர் டயப்ரத்தை அழுத்தி மூடி வைத்திருக்கிறது. கொயிலுக்குக் கரண்ட் போனதும் பிளஞ்சர் உயர்ந்து நடுத்துளை திறக்கிறது, மேலறை காலியாகிறது, கீழேயுள்ள தண்ணீரின் அழுத்தம்தான் டயப்ரத்தைத் தூக்குகிறது. கீழே அழுத்தம் இல்லாவிட்டால் கொயில் ‘ம்ம்ம்’ என்று முனகுமே தவிரத் தண்ணீர் வராது. சத்தத்தைக் கேட்டு வால்வு செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். புது வால்வும் அதே முனகலைத்தான் முனகும். நடுத்துளையில் மணல் உட்கார்ந்தால் வால்வு திறக்காது. ஓரத்துளையில் உட்கார்ந்தால் மூடாது. மெஷினை நிறுத்திய பிறகும் தொட்டிக்குள் தண்ணீர் சொட்டினால் ஓரத்துளையைச் சந்தேகிக்கலாம், அழுத்தம் குறைந்த வீட்டில் வேறெந்தக் கோளாறும் இல்லாமலும் அது சொட்டும். 230 வோல்ட் கொயிலின் தடை 4,000 ஓம் அளவில் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்த அந்த ஓர் எண்ணே கொயிலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப் போதும்.

எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். நாம் போவது காலை 11 மணிக்கு. வீட்டார் மெஷினைப் போடுவது இராச்சாப்பாட்டுக்குப் பிறகு. மின்சார சபை உச்ச நேரம் என்று கணக்கிடும் மாலை 6.30 முதல் 10.30 வரை, நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் விழுகிறது. கொயிலின் இழுவிசை ஏறத்தாழ வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும்: 230இல் 100 பங்கு என்றால் 180இல் 60 பங்குதான். அதே நேரத்தில்தான் ஊரார் எல்லாரும் குளிக்கவும் சமைக்கவும் டேப்பைத் திறக்கிறார்கள். இரண்டு சரிவும் ஒன்றுசேரும் அந்த வேளையைக் காணாமல் பகலில் மெஷின் ஓடியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வருவது வேலை முடிந்ததாகாது. ஊர்ச் சங்கம் நடத்தும் நீர்த்திட்டமாக இருந்தால் வால்வு திறக்கும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1993இல் உலக வங்கியின் உதவியோடு இரத்தினபுரி, பதுளை, மாத்தறை மாவட்டங்களில் சமூக நீர்வழங்கல் திட்டம் தொடங்கிய பின் இத்தகைய சங்கங்கள் பெருகின. முறை வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் விடையைச் சொல்லக்கூடியவர் மெஷினைச் செய்த ஜெர்மன்காரர் அல்ல, சாவியை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்.

அடுத்தது சல்லடை. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நீர் மெஷினுக்குள் கல்லாகப் படிகிறது. அங்கே உப்பும் சொஃப்ட்னரும் முதல் பேச்சு. இங்கே மலையூற்று நீர் மென்மையானது, சுண்ணாம்புத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கையேடுகளைக் கண்மூடிப் பின்பற்றிச் சிட்ரிக் அமிலம் ஊற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் எதிரி பாசி நார், நுண்மணல், அழுகிய இலைத்துகள். மே மாதம் மழை பிடித்ததும் ஊற்றுத்தொட்டி கலங்கி, ஹோஸின் தலையிலுள்ள சல்லடையில் பழுப்புப் பசையாக அப்பிக்கொள்கிறது. குறட்டால் மெல்ல இழுத்தால் சல்லடை வரும். பல் துலக்கும் பிரஷ் போதும். டேப் திறந்ததும் வரும் முதல் கலங்கல் நீரை மெஷினுக்கு அனுப்பாமல் வாளியில் விட்டுவிட வேண்டும். தாங்கிக்கும் மெஷினுக்கும் இடையில் கழுவக்கூடிய ஒரு வடிகட்டியைப் போட்டுக் கொடுத்தால் இந்த அழைப்புகளில் பாதிக்கு வேலையே இல்லாமல் போகும் என்பது என் எண்ணம். ஆனால் அடைத்த வடிகட்டியும் அழுத்தத்தைத் தின்னும். கழுவும் நாளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மற்றவை தெரிந்தவைதான், சுருக்கமாகப் போவோம். அடித்தட்டில் தண்ணீர் தேங்கி மிதவை உயர்ந்திருந்தால் மெஷின் உள்ளே எடுக்காது, வடிபம்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். மெக்கானிக்கல் அக்வாஸ்டொப் ஹோஸில் சிறு ஜன்னல் சிவப்பாகியிருந்தால் ஹோஸையே மாற்ற வேண்டும். கழிவு ஹோஸைத் தரையோடு கானில் விட்டிருந்தால் தண்ணீர் ஏற ஏற சைஃபனாக இறங்கிப்போகும். திரையில் விழுவதோ தண்ணீர் வரவில்லை என்ற குறி. கழிவு ஹோஸை சிங்க்கின் அடிமட்டம் வரை தூக்கிக் கட்டினாலே தீர்ந்துவிடும்.

இனி, பலருக்குப் பிடிக்காத விஷயம். அழுத்தம் குறைவு என்று தெரிந்ததும் குழாயிலேயே நேரடியாகப் பூஸ்டர் பம்ப் பொருத்துகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பங்களாவின் மெஷின் அன்றிரவே ஓடும், வாடிக்கையாளர் கை குலுக்குவார். ஆனால் அதே குழாயிலிருந்து லயத்துக்கும் தண்ணீர் பிரிகிறது. பம்ப் உறிஞ்சும்போது அங்கே டேப் காற்று விடும். கொழுந்து பறித்துவிட்டு வந்து பீலியடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு அன்று தண்ணீர் ஏன் நின்றது என்று யாரும் சொல்லப் போவதில்லை. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே போனால் இணைப்புகளின் கசிவு வழியாகக் கான் தண்ணீரும் உள்ளே இழுபடும். அது குடிதண்ணீர்க் குழாய். தானாக நிரம்பும் ஒரு தொட்டியை வைத்து, அதிலிருந்து பம்ப் எடுக்க வேண்டும். செலவு கூடுமென்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால், அந்த வேலையை ஏற்காமல் திரும்பி வருவதே சரி.

2022இல் ரூபாய் சரிந்து டொலர் 200இலிருந்து 360க்குப் போனபின், அனாவசியமாக மாற்றிய வால்வு ஒரு வீட்டின் மாதச் செலவில் தெரியும் தொகை. நம் பக்கத்து நியாயமும் உண்டு: பொருளுக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் அளந்து பார்த்ததற்குக் கொடுக்கத் தயங்குகிறார். அதனால்தான் பொருளை மாற்றுகிறோம். இதற்கு வழி, பார்வைக் கட்டணத்தை முதலிலேயே சொல்லி, பில்லில் வாளி நிரம்பிய நேரம், ஓட்டமில்லாத அழுத்தம், ஓட்டத்தில் அழுத்தம், வோல்டேஜ், அளந்த மணி ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுப்பது. அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் அந்தத் தாள் அவருக்குப் பயன்படும். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளைப் பக்கத்தில் வேலை செய்யும் வாசகர்கள் இந்த ஐந்து அளவுகளையும் எங்களுக்கு அனுப்பினால், வீட்டு முகவரியை விட்டுவிட்டு வட்டார வாரியாக அச்சிடுகிறோம்.