போருக்குப் போனது உண்மை, பதக்கம் மட்டும் பதிவில் இல்லை: நிரூபிக்க வேண்டியது யார்?

சேத்துப்பட்டு என்றதும் சென்னைக்காரர்களுக்கு ரயில்வே ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வரும். நாம பேசப்போறது அந்த சேத்துப்பட்டு இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிற சேத்துப்பட்டு. இந்தப் பக்கத்தைப் பட்டுத் தறிக்காகத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் ஆரணி, போளூர், வேலூர் என்று இந்த வட்டாரம் முழுக்க இன்னொரு தொழிலும் தலைமுறை தலைமுறையாக உண்டு: பட்டாளம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பேர். எந்தத் தெருவில் வழி கேட்டாலும் “அந்த மிலிட்டரிக்காரர் வீட்டுக்குப் பக்கத்துல” என்று பதில் வரும் ஊர்கள் இவை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இது கற்பனை மனிதர், ஆனால் நடக்கக்கூடிய கதை. 1970-ல் பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவர். 1971 டிசம்பரில் கிழக்கு எல்லையில் போரில் இருந்தவர். எட்டு வருஷம் முடிந்ததும், பென்ஷனுக்கான 15 ஆண்டு சர்வீஸ் இல்லாமல், 1978-ல் ஊருக்கு வந்துவிட்டார். இப்போது வயது எழுபதைத் தாண்டி விட்டது. பேத்தி ஒருநாள் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டுகிறாள். பதக்கங்களுக்கான பக்கத்தில் ஒன்றுமே எழுதவில்லை. “தாத்தா, நீங்க வார்ல இருந்தேன்னு சொன்னீங்களே?”

தாத்தா ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதினால், அவருக்கு வரக்கூடிய பதில் ஒன்றுதான்: ஆதாரம் இருந்தால் அனுப்பவும்.

இங்கேதான் நமக்குக் கேள்வி. அவர் எந்த யூனிட்டில் இருந்தார், அந்த யூனிட் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்ற காகிதம் எல்லாம் யார் கையில் இருந்தது? அவர் கையிலா, அரசாங்கத்தின் கையிலா?

வீரப் பதக்கம் வேற, சேவைப் பதக்கம் வேற

இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் விஷயம் தெளிவாகும். பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, சேனா மெடல் எல்லாம் ஒருவர் செய்த குறிப்பிட்ட செயலுக்காகக் கொடுப்பது. கமாண்டர் பரிந்துரைக்க வேண்டும், மேலே மேலே போய் முடிவாக வேண்டும். “எனக்கு ஏன் கொடுக்கலை” என்று பின்னால் போய்க் கேட்பது ரொம்பக் கஷ்டம். அது தீர்ப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கோர்ட்டும் அதில் லேசில் கை வைக்காது.

சேவைப் பதக்கம் அப்படி இல்லை. அது வெறும் கணக்கு. 1971 போரில் கிழக்குப் போர்க்களத்தில் பணியாற்றியவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். எல்லை மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்கு சங்கிராம் மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்கு சுதந்திரத்தின் 25-ம் ஆண்டு மெடல். நம்ம சேத்துப்பட்டு தாத்தா 1970-ல் சேர்ந்து 1978-ல் வெளியே வந்திருக்கிறார் என்று இரண்டு தேதி தெரிந்தாலே, அந்த 25-ம் ஆண்டு மெடலுக்கு அவர் உரியவர் என்று கால்குலேட்டர்கூட இல்லாமல் சொல்லிவிடலாம். அதற்கு ஆதாரம் கேட்பதில் என்ன அர்த்தம்?

பெரும்பாலான சேவைப் பதக்கங்களோடு மாதப் பணம் எதுவும் வராது. வீர விருதுகளுக்குத்தான் மாதப் படி உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் வீர் சக்ராவுக்கு ரூ.7,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு ரூ.2,000. அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல் என்று கேட்கலாம். நானும் இந்தக் கட்டுரைக்காகப் படிக்க ஆரம்பித்தபோது இதைத்தான் யோசித்தேன். பதில் ‘காயம்’ என்ற ஒரு வார்த்தையில் இருக்கிறது.

எதிரியின் தாக்குதலில் காயப்பட்டவருக்குப் பராக்ரம் பதக்கம் உண்டு. அந்தப் பதக்கம் பதிவாக வேண்டுமென்றால், அவருடைய காயம் ‘பேட்டில் கேஷுவால்டி’ என்று பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்க வேண்டும். படையில் ஒருவருக்கு என்ன நடந்தாலும், கல்யாணம், குழந்தை, லீவு, காயம் எல்லாமே, அந்த ஆர்டரில் ஏறினால்தான் அதிகாரபூர்வமாக நடந்ததாகக் கணக்கு. அதில் ‘ஃபிசிக்கல் கேஷுவால்டி’ என்று ஏறிவிட்டால், சண்டையில் பட்ட குண்டும் மைதானத்தில் விழுந்த அடியும் ஒரே பட்டியலுக்குப் போய்விடும்.

இப்போ பணத்தைப் பாருங்க. நூறு சதவீத ஊனத்தோடு மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவருக்குச் சாதாரண ஊன ஓய்வூதியத்தில் ஊனப் பங்கு கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். அதுவே போர்க்காய ஓய்வூதியமாக இருந்தால் அந்தப் பங்கு 100 சதவீதம். ஒரு கிளார்க் எந்த வார்த்தையை எழுதினார் என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானம் தொங்குகிறது. பதக்கம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனவர், காயமே தப்பாகப் பதிவாகியிருப்பதை அப்போதுதான் கண்டுபிடிக்க நேரலாம். அதனால்தான் மார்பில் குத்திக்கொள்ளும் உலோகத் துண்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பேப்பர் எங்கே போச்சு?

ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனி ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில், மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்புக்குப் பெங்களூரில். பென்ஷன் வாங்குபவரின் ஆவணங்கள் தொடர்ந்து பாதுகாக்கப்படும். பென்ஷன் இல்லாமல் வந்தவருடைய சர்வீஸ் ஆவணங்களுக்கு 25 ஆண்டுதான் ஆயுள். அதற்குப் பிறகு விதிப்படியே அழித்துவிடலாம். நம்ம தாத்தாவுடையது 2003 வாக்கில் கெடு முடிந்த ஃபைல். ‘லாங் ரோல்’ என்ற பதிவேட்டில் மட்டும் அவர் பேரும் நம்பரும் சில அடிப்படை விவரங்களும் நிரந்தரமாக மிஞ்சும்.

ஆக, அரசே விதி போட்டு அழித்த காகிதத்தை, எழுபது வயதுக்கு மேல் உள்ளவரிடம் “இருக்கா?” என்று கேட்கும் நிலைமை. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதோடு ஒரு எக்ஸ்ட்ரா தலைவலி. நமக்கு இனிஷியல், அங்கே சர்நேம். சேரும்போது அப்பா பேரைக் குடும்பப் பேராக எழுதியிருப்பார்கள். ஊர்ப் பேர் நடுவில் நுழைந்திருக்கும். ஒரே ஆள் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி. பேர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாட்டின் உயரிய விருதே சாட்சி. கார்கில் போரில் டைகர் ஹில்லில் சண்டை போட்ட 18 கிரனேடியர்ஸ் படையைச் சேர்ந்த யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்ரா முதலில் ‘மறைவுக்குப் பிந்தைய’ விருதாக அறிவிக்கப்பட்டது. அவரோ ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்தார். இறந்தது அதே படையில், அதே பேரில் இருந்த இன்னொருவர். பரம்வீர் சக்ராவிலேயே இப்படி என்றால், பூர்வி ஸ்டார் பட்டியலில் ஒரு இனிஷியல் மாறியதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அமெரிக்காவில் ஃபைலே எரிஞ்சு போச்சு

1973 ஜூலை 12. செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்கப் படையினரின் ஆவணக் காப்பகத்தில் தீ. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான ஃபைல்கள் போயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் ஆவணங்களில் சுமார் 80 சதவீதம் அழிந்தது. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். எரிந்துபோனது அரசின் ஃபைல் என்பதால், அதைத் திரும்பக் கட்டும் வேலையையும் காப்பகமே எடுத்துக்கொண்டது. சம்பள வவுச்சர், யூனிட்டின் தினசரி அறிக்கை போன்ற வேறு இடத்துக் காகிதங்களைத் தேடிச் சேர்த்து, ஒருவர் எப்போது எங்கே இருந்தார் என்பதை மறுபடி எழுதினார்கள். இதுபோக, பதிவில் தப்பு இருந்தால் திருத்துவதற்கென்றே 1946-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த சிவிலியன் வாரியங்கள் அங்கே உண்டு. ஒரு படிவம் நிரப்பினால் போதும், வக்கீல் கட்டாயமில்லை. தவறு தெரிந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், நியாயம் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம்.

அதுக்காக அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். பாரிஸ் டேவிஸ் கதை தெரியுமா? 1965 ஜூனில் வியட்நாமின் போங் சோன் பகுதியில், குண்டடி பட்ட நிலையிலும் தன் வீரர்களை மீட்டுக்கொண்டு வந்த கறுப்பின கேப்டன். அமெரிக்காவின் உயரிய ‘மெடல் ஆஃப் ஹானர்’ விருதுக்குப் பரிந்துரைத்த ஃபைல் தொலைந்தது. 1969-ல் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அதுவும் தொலைந்தது. பல வருஷம் கழித்துத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து அந்த ஃபைலை முதலிலிருந்து உருவாக்கினார்கள். 2023 மார்ச் 3 அன்று, 83 வயதில், அதிபர் பைடன் கையால் விருது வாங்கினார். இடையில் 58 வருஷம். நிறவெறி காரணமா என்ற கேள்வி அங்கே இன்னும் இருக்கிறது.

நம்ம ஊரில் கதவு எது?

முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். சேத்துப்பட்டுக்காரர் திருவண்ணாமலை போக வேண்டும். அங்கிருந்து விண்ணப்பம் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் போகும். கூடவே, ரெக்கார்ட்ஸ் ஆபீஸின் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு ஆர்டிஐ போடுவது புத்திசாலித்தனம். “எனக்குப் பதக்கம் ஏன் கொடுக்கலை” என்று கேட்காதீர்கள், விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். “என் லாங் ரோல் பதிவின் நகல், என் ஷீட் ரோல் நகல், இந்தத் தேதியில் என் யூனிட் இருந்த இடம் பற்றிய பதிவு” என்று காகிதமாகக் கேளுங்கள். ஆன்லைனிலேயே போடலாம், பேரப்பிள்ளைகள் போனிலிருந்தே செய்து கொடுக்கலாம்.

அதுவும் நடக்கவில்லை என்றால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி உருவாகி 2009 முதல் இயங்குகிறது. சென்னையிலும் அமர்வு உண்டு. ஓய்வுபெற்றவரும் அவருடைய வாரிசும் வழக்குப் போடலாம். தீர்ப்பாயத்தால் ராணுவப் பதிவையே மாற்றச் சொல்ல முடியும் என்பதற்கு உதாரணம் பிரிகேடியர் தேவிந்தர் சிங் வழக்கு. கார்கில் போரில் படாலிக் பகுதியில் 70-வது காலாட்படை பிரிகேடை நடத்தியவர். போருக்குப் பிந்தைய அறிக்கையில் தன் பங்கு குறைத்து எழுதப்பட்டதாக வழக்குப் போட்டார். 2010 மே மாதம் டெல்லி முதன்மை அமர்வு அவர் பக்கம் நின்று, அந்தப் பதிவைத் திருத்த உத்தரவிட்டது. போர் நடந்தது 1999-ல். ஒரு பிரிகேடியருக்கே பதினோரு வருஷம். சிப்பாயாக இருந்து வந்தவருக்கு எவ்வளவு?

என் குறை தீர்ப்பாயத்தின் மேல் இல்லை. ஒரு தேதியைச் சரிபார்த்தால் முடிந்துபோகிற சேவைப் பதக்கத்துக்கு, வழக்கு என்ற பெரிய கதவைத் தவிர வேறு கதவு நம்மிடம் இல்லை என்பதுதான் குறை. யூனிட் அந்த இடத்தில் இருந்தது வார் டைரியில் தெரியும். ஆள் அந்த யூனிட்டில் இருந்தது லாங் ரோலில் தெரியும். இரண்டையும் ஒப்பிடும் வேலை அலுவலகத்துடையது. பென்ஷனை எல்லாம் ‘ஸ்பர்ஷ்’ என்று ஒரே ஆன்லைன் அமைப்புக்குள் கொண்டுவந்த பாதுகாப்பு அமைச்சகத்துக்கு, லாங் ரோலை டிஜிட்டல் ஆக்கி, உரிய பதக்கங்களைத் தானாகவே கணக்கிட்டுச் சொல்வது முடியாத வேலையா? பொருந்தினால் பதிவு செய்யட்டும். பொருந்தவில்லை என்றால், ஏன் என்று அலுவலகம்தான் எழுத வேண்டும். ஆதாரச் சுமை அந்தப் பக்கம் போகட்டும்.

அவசரம் ஏன் என்றால், 1971-ல் இருபது வயது இருந்தவர்கள் இப்போது எழுபதுகளில் இருக்கிறார்கள். அடுத்த வரிசையில் 1987 முதல் 1990 வரை இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப்படையினர். அவர்கள் திரும்பி வந்தபோது தமிழ்நாட்டில் வரவேற்பே அரசியல் சிக்கலாக இருந்தது, அன்றைய முதல்வர் கருணாநிதி அந்த வரவேற்புக்குப் போகவில்லை. அந்தப் போர் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும், அனுப்பப்பட்ட சிப்பாயின் சர்வீஸ் தாளில் அவர் இருந்த இடமும் பட்ட காயமும் சரியாக இருக்க வேண்டும். சங்கடம் காரணமாக அதைப் பற்றி வாயே திறக்காத மிலிட்டரிக்காரர்கள் நம்ம ஊர்களில் இருக்கக்கூடும். அவர்கள் தாங்களாக வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் நடக்காது.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் நம்பரைத் தனியாக எழுதி வையுங்கள், பேர் மாறினாலும் அது மாறாது. கூட இருந்தவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பி, அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் பதில் வரவில்லை என்றால், அடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாமதமானாலும் தகுந்த காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். அந்தக் கணக்கு ஆரம்பிப்பது விண்ணப்பம் கொடுத்த தேதியிலிருந்துதான்.