பையில் ஓர் அட்டை

காசநோய்க்கு எதிராகப் பிறந்த குழந்தையின் தோளில் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியை அறியாத வீடில்லை. அதிலுள்ள உயிருள்ள கிருமியையே சிறுநீர்ப்பைக்குள் குழாய்வழி செலுத்தினால் அங்குள்ள மேலோட்டமான புற்றுநோய் மீண்டும் தலைதூக்குவது குறைகிறது என்று 1976-ல் கனடாவின் அல்வாரோ மொராலெஸ் காட்டினார். அரை நூற்றாண்டாகியும் அந்த இடத்தை வேறு மருந்து முழுதாகப் பிடிக்கவில்லை. வாரம் ஒன்றாக ஆறு தவணை, பிறகு பராமரிப்புத் தவணைகள் என்று நீளும் இச்சிகிச்சையில், மிக அரிதாக அந்தக் கிருமி விரையைச் சென்றடைந்து அழற்சி உண்டாக்குகிறது. 2,602 நோயாளிகளைப் பற்றி 1992-ல் வெளியான தொகுப்பில் விரையையோ அதையொட்டிய குழாயையோ தாக்கிய அழற்சி ஆயிரத்தில் நால்வருக்கே வந்திருந்தது. அவ்வளவு அரிதென்றால் தலையங்கம் எதற்கு என்று கேட்கலாம். அரிது என்பதாலேயே, பார்க்கும் மருத்துவருக்கு அது நினைவுக்கு வராது. வீக்கம் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தும் வரும். புதிய புற்றுக்கட்டி என்று எண்ணி விரையையே அகற்றிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நம் நாட்டில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். காசநோய் இங்கே பரவலாக இருப்பதால், விரை வீங்கியவரின் மாதிரியில் கிருமி தென்பட்டதும் வழக்கமான காசநோய் என்றே முடிவாகும். காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை பி.சி.ஜி. கிருமியைத் தனியே பிரித்துச் சொல்லாது. காசநோய்க்கு வழக்கமாகத் தரும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு இந்தக் கிருமியிடம் பலிக்காது. பயனின்றிக் கல்லீரல்தான் பாடுபடும். பெங்களூருவில் சிகிச்சை பெற்று ஓசூருக்கோ தருமபுரிக்கோ திரும்பியவர் உள்ளூர் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது, பி.சி.ஜி. பெற்றேன் என்ற ஒரே வரி. ஆனால் ‘மூத்திரப்பைக்கு மருந்து போட்டார்கள்’ என்பதற்கு மேல் பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே பி.சி.ஜி. பெறும் ஒவ்வொருவர் கையிலும் கன்னடம், தமிழ், தெலுங்கு, ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டை இருக்க வேண்டும்: எந்த மருந்து, எந்தத் தேதிகள், காய்ச்சலோ விரைவீக்கமோ வந்தால் யாரை அழைப்பது. இது நோயாளியை மிரட்டி நல்ல சிகிச்சையை விட்டு ஓடவைக்கும் என்ற அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஆயிரத்தில் நால்வர் என்ற கணக்கையும் அட்டையிலேயே போட்டுவிட்டால் மிரள என்ன இருக்கிறது? வாய்மொழியாகச் சொல்கிறோமே என்பதும் போதாது. கூச்சம் மிகுந்த உறுப்பைப் பற்றிய பேச்சு வெளிநோயாளிக் கூட்டத்தில் காதோடு போய்விடும். 1959-ல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனமும் கித்வாய் புற்றுநோய் நிலையமும் பெங்களூரு என்ற ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இந்த அட்டையின் வாசகத்தை எழுதித் தர வேண்டும். கர்நாடக அரசு அதை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.