தேவாங்கும் தாயத்தும்

"ஏண்டி, தேவாங்கு மாதிரி முழிக்கிறே?" என்று பிள்ளைகளை வையாத வீடு நம்ம பக்கம் உண்டா? ஆனால் தேவாங்கை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ராத்திரியில் மட்டும் நடமாடுகிற பிராணி அது. குரங்குக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். எடை கால் கிலோ சுமாருக்குத்தான், வாலும் கிடையாது. அந்தப் பெரிய முழி இருட்டில் பூச்சி பிடிப்பதற்கு. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டிலும் இருக்கிறது.

அது பிள்ளை வளர்க்கிற அழகைக் கேளுங்கள், சகோதரிகளே. வயிற்றில் சுமப்பது ஏறக்குறைய ஐந்தரை மாதம். பிறப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முதல் சில வாரம் குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டே திரியும். அப்புறம் பொழுது சாய்ந்ததும் தாய் அதை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய்விடும். குட்டி அங்கேயே காத்துக் கிடக்கும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? போன தாய் யார் கையிலாவது சிக்கிவிட்டால் குட்டியின் கதி என்ன?

பிடிக்கத்தான் செய்கிறார்கள். கண் நோய்க்கு மருந்து என்பார்கள், மாந்திரீகம் என்பார்கள், முடியைத் தாயத்தில் அடைத்து விற்பார்கள். எங்கள் தெருவில் ஓர் இளம் தாய், குழந்தை ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுகிறது, ஏதோ பயந்த கோளாறு என்று இப்படி ஒன்றை வாங்கிக் கட்டினாள். பட்டாசு ஆபீசில் நாலு நாள் கூலி அதற்கே போயிற்று. அழுகை நிற்கவில்லை. டாக்டரிடம் தூக்கிப்போனால், காதுக்குள் சீழ்! மருந்து கொடுத்த மூன்றாம் நாள் பிள்ளை அசந்து தூங்கியது. தாயத்துக்குள் இருந்தது தேவாங்கு முடியா, ஆட்டு முடியா, யார் கண்டது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானை இருக்கிற முதல் பட்டியலில்தான் தேவாங்கும் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில்.

இதற்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் போய்வர முடியும். நடுவில் மரத்தை வெட்டினால் தரையில் இறங்கி, ரோட்டில் அடிபடுகிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் இதுதான் முதல் சரணாலயம்.

தோட்டத்துப் பக்கம் ஒன்று வந்துவிட்டால் டார்ச் அடித்து வேடிக்கை பார்க்காதீர்கள், கையாலும் தொடாதீர்கள். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.